எந்த மடையில் பங்கு?

2019 கோடை. சென்னையில் குழாயைத் திறந்தால் காற்று வந்த வருடம். வேளச்சேரியில் நாங்கள் லாரித் தண்ணீருக்கு நள்ளிரவில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தோம். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை 40 பேரை வேன் பிடித்து எங்கள் ஊருக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஊர் என்றால் உத்திரமேரூர் பக்கம். அங்கே எனக்கு 3 ஏக்கர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அதில்தான் தூயமல்லியும் சீரகச் சம்பாவும் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வந்தவர்களில் பாதிப்பேர் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், மீதி என்னைப்போல் பென்ஷன்காரர்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், பின்னால் ஒரு பேனர். ஏரியின் வரத்துக் கால்வாயில் ஏறக்குறைய 200 மீட்டர் தூரம் வேலிக்காத்தானை வெட்டித் தள்ளி, மண்ணை வாரிப் போட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, கை கொப்புளிக்க வேலை செய்தார்கள். மதியம் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படமும் எடுத்துக்கொண்டோம்.

கரைமேல் ஒரு பெரியவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். 80 வயதிருக்கும். அந்தக் காலத்தில் அவர் அப்பாவும், பிறகு அவரும் ஊருக்கு நீர்க்கட்டியாக இருந்தவர்கள். மடையைத் திறப்பது, மூடுவது, யாருக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க பெரியவரே."

"இவங்களுக்கெல்லாம் எந்த மடையில பங்கு?"

"பங்கெல்லாம் இல்லீங்க. தன்னார்வலர்கள். உதவி செய்யலாம்னு வந்திருக்காங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ தருமம்னு சொல்லுங்க. தருமத்துல வெட்டுன கால்வா அடுத்த மழைக்கே தூந்துடும் சார்."

அந்த வருட ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்து, பாதிக் கால்வாய் தூர்ந்துதான் போனது. வேலிக்காத்தான் தை மாதத்தில் இடுப்புயரம் நின்றது. பனியன் போட்ட பிள்ளைகள் அதற்குள் வேறொரு ஏரிக்குப் போயிருந்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அழைத்துப் போனவன் நான்தான்.

பெரியவர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. தொண்டு, சேவை, தன்னார்வம் என்று நாம் மாற்றி மாற்றிச் சொல்கிறோமே, இவையெல்லாம் ஒன்றுதானா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் எனக்குப் பக்கம். அங்கே போய் உட்கார்ந்து படித்ததையும், 38 வருட வங்கி வேலையில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நம் இயக்கத்துக்கும் இந்தக் கேள்வி தேவைப்படுகிறது.

எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது உத்திரமேரூர் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. குடவோலை பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அதில் எனக்குப் பிடித்தது ஏரி வாரியம்தான். 30 குடும்புகளிலிருந்து தேர்வானவர்களில் 12 பேர் ஆட்டை வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவி 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. நான் பார்த்த எந்தத் தணிக்கையும் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அது பிராமண சபை. வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்கவேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை, நிலமில்லாதவருக்கும் இல்லை. 'அந்தக் காலத்திலேயே நமக்கு மக்களாட்சி இருந்தது' என்று மேடையில் சொல்பவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே காலத்துக் கல்வெட்டுகளில் இன்னொரு சொல்லும் வருகிறது. வெட்டி. அரசுக்கோ ஊருக்கோ கூலியில்லாமல் செய்துதர வேண்டிய கட்டாய உழைப்பு. அமஞ்சி என்பதும் அதே வகைதான். இன்றைக்குப் 'போடா, வெட்டி வேலை' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். பயனில்லாத வேலை என்று பொருள் ஆகிவிட்டது. செய்தவனுக்குப் பயனில்லாத வேலையாக இருந்ததால் அப்படி ஆயிற்றோ என்னவோ, இது என் ஊகம். ஆக, கூலியில்லாமல் செய்வதெல்லாம் தொண்டு ஆகிவிடாது. விருப்பத்தோடு செய்தால் தொண்டு, வேறு வழியில்லாமல் செய்தால் வெட்டி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மண்வெட்டி வேலைதான்.

தொண்டு என்ற சொல்லைப் பெரிதாக்கியவர்கள் சிவனடியார்கள். நம் பக்கத்துக் குன்றத்தூர்க்காரரான சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்துக்கு உண்மையான பெயரே திருத்தொண்டர் புராணம். அப்பர் கையில் வைத்திருந்தது உழவாரம், அதாவது புல் செதுக்கும் கருவி. கோயில் கோயிலாகப் போய்ப் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார். அவர் அதைச் சமூகத்துக்காகச் செய்யவில்லை, இறைவனுக்காகச் செய்தார். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப்பணி என்று கோயில் கோயிலாகப் போகும் குழுக்கள் சென்னையில் நிறைய இருக்கின்றன.

ஏரிக்கு வருகிறேன். 1767லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளைத் தேடியெடுத்து வெளியுலகுக்குச் சொன்னவர் தரம்பால். களத்து மேட்டில் நெல் குவிந்ததும் அரசுக்கும் உழவருக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே தச்சர், கொல்லர், கணக்குப்பிள்ளை, வெட்டியான், கோயில், ஏரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிவிடுவார்கள் என்று அதில் தெரிகிறது. ஏரிக்கென்றே மானிய நிலமும் உண்டு; கல்வெட்டில் ஏரிப்பட்டி என்று வரும். வங்கிக்காரன் மொழியில் சொன்னால், ஏரிப் பராமரிப்பு இலாபத்தில் மிச்சம் இருந்தால் கொடுக்கும் நன்கொடையாக இல்லை. முதல் செலவாகவே கழிக்கப்பட்டது.

கும்பினி ஆட்சி அந்த ஒதுக்கீடுகளைப் பெரும்பாலும் வரியோடு சேர்த்து எடுத்துக்கொண்டது. ரயத்துவாரி வந்தது. ஒவ்வொரு உழவரும் தனித்தனியாக அரசுக்கு வரி கட்டினார். ஊர் என்ற கணக்கே கரைந்தது. ஏரிக்கு வைத்த பணம் போய்விட்டது. ஏரி வேலை மட்டும் ஊர் தலையில் நின்றது. சரியாக நடக்கவில்லை என்றதும் 1858ல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். வழக்கப்படி குடிமராமத்துக்கு ஆள் அனுப்ப வேண்டியவர் அனுப்பாவிட்டால் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு கட்டவேண்டும். வழக்கமாக இருந்தது சட்டமாக மாறியது. சட்டம் வந்தபின்னும் குடிமராமத்து தேய்ந்துகொண்டுதான் போனது. வருமானத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு வேலையை இன்னொருவரிடம் விட்டால் எந்தக் கூட்டு நிற்கும்?

இந்த வாலண்டியர் என்ற சொல்லும் படையிலிருந்து வந்ததுதான். கட்டாயமில்லாமல் தானாகப் பட்டாளத்தில் சேர்கிறவனைத்தான் ஐரோப்பாவில் முதலில் அப்படிச் சொன்னார்கள். நம் பக்கத்தில் அந்தச் சொல்லைக் காங்கிரஸ் இயக்கம் எடுத்துத் தொண்டர் என்று ஆக்கியது. மாநாட்டில் பந்தி பரிமாறுவதும் தொண்டர் வேலை, சிறைக்குப் போவதும் தொண்டர் வேலை.

1930 ஏப்ரல் 13ம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய 100 தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள், உப்பெடுக்க. ஏப்ரல் 28ல் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள். யார் கட்டியது என்று போலீசாருக்குத் தெரியாது. நடந்த 100 பேரின் பெயர் பட்டியலில் இருக்கும். கட்டியவர்கள் பெயர் எங்கும் கிடையாது.

2015 டிசம்பர் 2ம் தேதி வேளச்சேரியில் எனக்கு அந்த மரக்கிளைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர். நாங்கள் மூன்று குடும்பங்கள் மொட்டைமாடியில். மின்சாரமில்லை, செல்போன் இல்லை. கடலோரக் குப்பத்திலிருந்து மீனவர்கள் தங்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களை இறக்கினார்கள். பெயர் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், காலை பார்த்து வைங்க" என்றார் ஒருவர். யாரோ ஒரு பள்ளிவாசலில் சமைத்த சாப்பாட்டை எங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, யார் வாங்கிய பொட்டலத்தில் யார் படத்தை ஒட்டுவது என்ற சண்டையும் அதே ஊரில்தான் நடந்தது.

தண்ணீர் வடிந்ததும் நானும் 10 நாள் பொட்டலம் கட்டினேன். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். 57 வயதில் முதன்முறையாக ஒருவர் என்னைத் தன்னார்வலர் என்று சொன்னார். பெருமையாகத்தான் இருந்தது. நாங்கள் குடியிருந்த இடமே பழைய ஏரியோடு சேர்ந்தது என்பது அந்தப் பெருமையில் மறந்துவிட்டது. 265 ஏக்கர் என்று சொல்லப்படும் வேளச்சேரி ஏரி இன்று 55 ஏக்கர் சுமாருக்குத்தான் இருக்கிறது. மீதியில் சாலைகளும் வீடுகளும், அதாவது நாங்கள். வெள்ளத்தில் பொட்டலம் கட்ட ஆயிரம் பேர் வந்தோம். ஏரியை விட்டுக்கொடுத்த நாளில் கேள்வி கேட்க ஆயத்தாரும் இல்லை, ஆர்வலரும் இல்லை.

நான் கல்லூரியில் படித்தபோது நாட்டு நலப்பணித் திட்டம் இருந்தது. காந்தி நூற்றாண்டையொட்டி 1969ல் தொடங்கியது. 10 நாள் முகாமில் ரோடு போட்டோம். அடுத்த வருடம் அதே ரோட்டை அடுத்த செட் போட்டது, அது வேறு கதை. பிறகு 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம். என் சர்வீசில் நான் பார்த்ததிலேயே பெரிய தன்னார்வ எழுச்சி அதுதான். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சம்பளமில்லாமல் ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் பாடம் சொன்னார்கள். புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். வங்கிகள் சைக்கிளுக்குக் கடன் கொடுத்தன. கடன் கொடுக்கிற மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பெண்களைப்போல் நாள் தவறாமல் தவணை கட்டியவர்கள் குறைவு.

சென்னையில் அதே காலத்தில் எக்ஸ்னோரா. 1989ல் எம்.பி. நிர்மல் தொடங்கியது. அவரும் வங்கிக்காரர்தான். ஒரு தெரு மக்கள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, குப்பை எடுக்க ஒருவரை வைத்துக்கொள்வது என்ற ஏற்பாடு. அங்கே தெருவாசிக்குப் பங்கு இருந்தது. தெருவில் தன் வீட்டுக் குப்பையும் இருக்கிறதே.

அதற்குப்பின் நிறுவனங்களின் காலம் வந்துவிட்டது. சங்கப் பதிவுச் சட்டம் 1860லிருந்தே இருக்கிறது. தமிழ்நாட்டுக்கென்று 1975ல் தனிச்சட்டம். வெளிநாட்டுப் பணத்துக்கு 1976ல் கட்டுப்பாடு, 2010ல் புதுச்சட்டம், 2020 திருத்தத்தில் வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவே முடியாது என்றாயிற்று. பெரிய நிறுவனத்திடம் வாங்கிக் கிராமத்தில் வேலை செய்த சின்ன அமைப்புகள் பல அதில் திணறின. இன்னொரு பக்கம் 2013 கம்பெனிச் சட்டத்தில் பெரிய கம்பெனிகள் இலாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று வந்தது. இப்போது தொண்டு என்றால் திட்ட அறிக்கை, இலக்கு, முன்-பின் படங்கள், பயன்பாட்டுச் சான்றிதழ். 'களப்பணியாளர் தேவை, சம்பளம் இவ்வளவு' என்று விளம்பரம் வருகிறது. சம்பளம் வாங்கி வேலை செய்வதில் தப்பே இல்லை, நான் 38 வருடம் அதைத்தான் செய்தேன். சம்பள வேலையையும் தன்னார்வம் என்று சொல்லும்போதுதான் குழப்பம். அதைவிட மோசம், கொடுக்கவேண்டிய சம்பளத்தைக் குறைப்பதற்காகத் தன்னார்வலர் என்று பெயர் வைப்பது. ஊதியம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்று கொடுத்து முழுநாள் வேலை வாங்குகிறார்களே, நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். அது பழைய வெட்டிதான்.

குடிமைச் சமூகம் என்று இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். அரசும் அல்லாமல், சந்தையும் அல்லாமல், குடும்பமும் அல்லாமல் மக்கள் கூடும் இடம் என்று விளக்கம் தருகிறார்கள். ஹெகல் காலத்தில் அந்தச் சொல்லுக்குள் சந்தையும் இருந்தது. 1980களில் கிழக்கு ஐரோப்பாவில் அரசை எதிர்த்துக் கூடியவர்களால்தான் அது உலகமெங்கும் பரவியது. இன்று கருத்தரங்குகளில் குடிமைச் சமூகம் என்றால் பதிவுபெற்ற அமைப்புகளின் பிரதிநிதிகள் என்று ஆகிவிட்டது. எங்கள் ஊர் ஏரிக்கரைக் கூட்டத்துக்குப் பதிவெண் கிடையாது, அதனால் அது குடிமைச் சமூகம் இல்லையாம்.

நம் இயக்கம் எந்தப் பக்கம்? நம்மாழ்வார் அய்யா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து அரசு வேலையை விட்டு வந்தவர். 2004 சுனாமிக்குப்பின் நாகப்பட்டினம் பக்கம் உப்பேறிய நிலங்களில் தக்கைப்பூண்டு விதைத்து மண்ணை மீட்கலாம் என்று உழவர்களோடு நின்று காட்டினார். 2013 டிசம்பர் 30ல் அவர் காலமானபோதும் மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பயணத்தில்தான் இருந்தார். நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். விதையை இலவசமாக வாரி வழங்கியிருந்தால் பாதி, பானையில் வெந்திருக்கும். வாங்கியவரை அவர் பயனாளி ஆக்கவில்லை, பங்காளி ஆக்கினார்.

நம்முடைய பங்கேற்பு உத்தரவாதச் சான்றும் அப்படித்தான் தொடங்கியது. குறைந்தது 5 உழவர்கள் ஒரு குழு; ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்லவேண்டும். என் வயலுக்குப் பக்கத்து வயல்காரர் வந்து, வரப்போரம் பழைய மருந்து பாட்டிலைக் காட்டி "இது என்னா சார்?" என்று கேட்டிருக்கிறார் (முன்னிருந்தவர் போட்டது, ஆனாலும் வெட்கமாகப் போய்விட்டது). இப்போது பல குழுக்களில் யாரோ ஒருவர் ஒரே நாளில் எல்லோருக்கும் படிவம் நிரப்பிவிடுகிறார். வயலில் யாரும் கால் வைப்பதில்லை. நேரமில்லை என்கிறோம். அந்த நேரம்தானே இந்தச் சான்றின் மதிப்பு?

2017 மார்ச்சில் அரசு குடிமராமத்துப் பெயரை மறுபடி எடுத்தது. மணிமங்கலம் ஏரியில் தொடக்க விழா. 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள், ஆயக்கட்டு உழவர்கள் 10 சதவீதம் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும். ஏற்பாடு நல்லதுதான். நான் பார்த்த ஒரு ஊரில் அந்த 10 சதவீதத்தையும் ஒப்பந்தக்காரரே உழவர் பெயரில் கட்டிவிட்டார். உழவர் சங்கத் தலைவருக்குத் தன் சங்கம் வேலை எடுத்த விவரமே பொக்லைன் வந்தபிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஏரி 90 ஏக்கர் ஆயக்கட்டு. 40 ஹெக்டேருக்குக் கீழே என்பதால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வரும். இரண்டு வருடம் முன்பு ஒரு கம்பெனி, கால்வாயும் மடையும் சரிசெய்ய 8 லட்சம் தருவதாகச் சொன்னது. சங்கம் பதியவேண்டும், வரிவிலக்குச் சான்று வேண்டும், கரையில் பெயர்ப் பலகை வைக்கவேண்டும். நான் ஃபைல் போடுவதில் கைதேர்ந்தவன், ஒரு வாரத்தில் தாள்களைத் தயார் செய்தேன். கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்தார்: "போர்டு வெச்ச பிறகு கால்வா தூந்துச்சுன்னா நாம யாரைக் கேக்கறது? கம்பெனிக்கா போன் பண்றது?" கூட்டம் சிரித்தது, என் ஃபைல் அன்றோடு மூடியது.

பிறகு பேசிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மடையின் சிமெண்டு வேலை ஒன்றியத்தின் கடமை, அதற்கு மனுப் போட்டுக்கொண்டே இருப்பது. வரத்துக் கால்வாய் நம் வேலை. ஏக்கருக்கு ஒரு ஆள், ஆடி மாதத்தில். வரமுடியாதவர் 600 ரூபாய் கொடுக்கவேண்டும். அந்தப் பணத்தில் நிலமில்லாத குடும்பத்தினருக்குக் கூலி. நிலமில்லாதவரைக் கூலியில்லாமல் கூப்பிடக்கூடாது என்பதில் பெரியவர் கறாராக இருந்தார். "எங்கப்பன் ஊருக்கெல்லாம் மடை தொறந்தாரு சார். அவரு பாய்ச்சிக்க ஒரு குழி நெலம் கெடையாது" என்றார். ஊர் கூடித் தேர் இழுத்த கதையை நான் அதற்குப்பின் அவர் முன்னால் எடுப்பதில்லை.

போன ஆடியில் கணக்கு இது. 90 ஆள் வரவேண்டும். 58 ஆள் வந்தது. 19 ஆளுக்குப் பணம், 11,400 ரூபாய். என் பங்கு 3 ஆள். ஒரு நாள் மண்வெட்டி பிடித்தேன், முதுகு பிடித்துக்கொண்டது, மற்ற இரண்டுக்கும் பணம் கட்டினேன். பாக்கி 13 ஆள். அதில் 8 ஆள் ஒரே ஒருவருடையது. என்னைப்போலவே சென்னையிலிருந்து வந்து நிலம் வாங்கியவர். போனில் கேட்டேன்.

"சார், வாலண்டரியா பத்தாயிரம் டொனேஷன் தர்றேன். பங்கு, பாக்கின்னு மட்டும் கேக்காதீங்க. எனக்கு போர் இருக்கு, ஏரித் தண்ணியே நான் பாய்ச்சல."

அவர் பங்கு 4,800. கொடுப்பதாகச் சொல்வது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஏரி நிரம்பினால்தான் அவர் போரில் தண்ணீர் என்று சொல்லிப் பார்த்தேன். யோசிக்கிறேன் என்றார். வாங்கிவிடலாம் என்று கூட்டத்தில் பாதிப்பேர், வேண்டாம் என்று பெரியவரும் மற்றவர்களும். பணத்தை இன்னும் வாங்கவில்லை. இந்த ஆடிக்கு நோட்டில் அவர் பெயருக்கு நேரே மறுபடியும் 8 ஆள் என்று எழுதியிருக்கிறோம்.